நான்கு துளைகள்

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத் தொடங்கும் என்பதால் ராக்கெட் அதற்குள் கிளம்பியாக வேண்டும் என்று கரஸ்பாண்டென்ட் ராக்கப்பன் சொல்லிவிட்டார். காற்று அடங்கும் நேரம் எது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காற்றுக்கும் ஒரு நேரம் குறித்துக் கொடுத்திருப்பார்.

2009, ஆவணி. சுருளிப்பட்டியைத் தாண்டி அவருடைய குலசாமி கோயில். அதை ஒட்டி அவருடைய தரிசு. தரிசைச் சுற்றி மூன்று பக்கமும் திராட்சைப் பந்தல்கள். நிலோபர் கேட்டது இந்த இடத்தை இல்லை. மயிலாடும்பாறைப் பக்கம் ஆளில்லாத ஒரு கரட்டுக்காட்டைக் கேட்டிருந்தாள். “அங்கன எவன் வந்து பாப்பான்?” என்றார் ராக்கப்பன். பேச்சு அதோடு முடிந்தது.

நிலோபர் கம்பத்துக்காரி. தேனிக்கு வெளியே இருந்த ராக்கப்பனின் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் விரிவுரையாளர். ராக்கெட்டின் உடம்பையும் மோட்டாரையும் செய்தவர் மெக்கானிக்கல் துறைச் செல்வமணி. மூளை அவளுடையது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு போர்டு, அதற்குள் ஓடும் புரோகிராம். இரண்டையும் அவளே செய்திருந்தாள். வாசலில் கட்டியிருந்த பிளக்ஸில் ராக்கப்பனின் முகம், அவருடைய அப்பாவின் முகம், துறைத்தலைவர் ஆதித்தனின் முகம். கீழே ‘மற்றும் குழுவினர்’ என்று இருந்தது. அந்தக் குழுவினர் அவளும் செல்வமணியும்தான்.

புரோகிராம் செய்ய வேண்டிய வேலை சிறியது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். போர்டில் இருக்கும் சென்சார் அதை அளந்துகொண்டே இருக்கும். குறைவது நின்று மறுபடி கூடத் தொடங்கினால் ராக்கெட் உச்சியைத் தொட்டுத் திரும்பிவிட்டது என்று பொருள். அந்தக் கணத்தில் புரோகிராம் ஒரு சிட்டிகைக் கரிமருந்தைப் பற்றவைக்கும். மூக்கு கழன்று பாராசூட் விரியும். இதற்கெல்லாம் சென்சாருக்கு வெளிக்காற்று தெரிய வேண்டும். அதற்காகக் குழாயைச் சுற்றி நான்கு துளைகள் போட்டிருந்தார்கள். குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரியவை.

பூசாரி பலவேசம் தேங்காய் உடைத்தார். சூடம் காட்டினார். அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். புது டிராக்டர், புது லாரி, புதுக் கிணற்று மோட்டார் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பழகிய கை. ராக்கெட்டில் எங்கே வைப்பது என்று அந்தக் கைக்குக் குழப்பம் வரவில்லை. ஓர் ஆளுக்கு நெற்றி எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் சந்தனத்தை அப்பியது. சுற்றிச் சுற்றி அப்பியது. சந்தனத்தின் நடுவில் குங்குமம் வைத்தது.

நிலோபர் அதைப் பார்க்கவில்லை. பூசை நேரங்களில் அவள் தள்ளி நிற்பாள். யாரும் போகச் சொன்னதில்லை. யாரும் வரச் சொன்னதுமில்லை. அன்றைக்கும், ராக்கெட்டைத் தூரத்திலிருந்து பற்றவைக்கும் பட்டன் இருந்த சுடுகருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

ராக்கெட் நன்றாகத்தான் போனது. புகை, சீறல், கைதட்டல். தென்னை உயரம், அதற்கும் மேலே, ஒரு கீறலாக, பிறகு ஒரு புள்ளியாக. உச்சியில் அது மெதுவாகச் சாய்வதை அவள் பார்த்தாள். இப்போது மூக்கு கழல வேண்டும். கழலவில்லை. மூக்கு கீழே பார்த்தது.

“எங்க மேடம் குடை?” என்றார் செல்வமணி.

அது முழுசாக, விசிலடித்துக்கொண்டு வந்தது. கிழக்குப் பந்தலுக்குள் புகுந்தது. கம்பி அறுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பெண்ணின் குரல்.

பந்தலுக்குள் குனிந்துதான் போக முடியும். பச்சை நிழல். அறுந்த கம்பி ஒன்று இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பழம் வெட்டிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி என்ற பெண் தட்டுக்கூடையின் மேல் சரிந்து கிடந்தாள். தோள்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. செல்வமணியும் இன்னொருவரும் அவளைத் தூக்கிக் கல்லூரி வேனில் ஏற்றினார்கள்.

“பேப்பர்க்காரன் எவனும் படம் எடுத்தானான்னு பாருங்கப்பா” என்று வெளியே ராக்கப்பனின் குரல் கேட்டது.

நிலோபர் திரும்பினாள். ராக்கெட் மண்ணில் குத்தி இரண்டாக முறிந்திருந்தது. அதன் பக்கத்தில் ஆதித்தன் குந்தியிருந்தார். முறிந்த குழாயை மடியில் வைத்துச் சுண்டுவிரல் நகத்தால் எதையோ நோண்டிக்கொண்டிருந்தார்.

“என்ன சார் பண்றீங்க?”

“சுத்தம் பண்றேம்மா.”

துளையிலிருந்து மஞ்சள் விழுது ஒரு சிறு புழுவைப் போல வெளியே வந்தது. அவர் அதைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அடுத்த துளைக்குப் போனார். நகத்தில் ஒட்டியதை முகர்ந்தும் பார்த்தார்.

அதுவரை அவள் தட்டுக்கூடையில் சிந்தியிருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை. இப்போது குமட்டிக்கொண்டு வந்தது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து வாந்தி எடுத்தாள். வெயிலில் தலை சுற்றிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

*

திங்கட்கிழமை ஆதித்தன் கூப்பிட்டார். நோன்பு தொடங்கியிருந்தது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அடடா, ஒனக்கு நோன்புல்ல” என்றார். மேலும் ஒரு வாய் உறிஞ்சினார். “ஒக்காரு.”

அறிக்கை தயாராக இருந்தது. நாக்கில் விரலைத் தொட்டுத் தாளைப் புரட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். தாளில் அவருடைய எச்சில் ஒரு ரேகை போலக் காய்ந்துகொண்டிருந்தது. புரோகிராமில் ஏற்பட்ட கோளாறினால் பாராசூட் விரியவில்லை என்று எழுதியிருந்தது. புரோகிராம் எழுதியவர் பெயர் இருந்தது. அவளுடைய பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

“சந்தனம் அடச்சிருந்துச்சு சார். நீங்கதானே நோண்டி எடுத்தீங்க.”

“எடுத்தேன். இல்லைங்கல.”

“அப்ப அத எழுதுங்க.”

“எழுதலாம்மா. யாரு வச்ச சந்தனம்?”

“பூசாரி.”

“யாரு சாமிக்கு?”

அவள் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

“இத நான் சொன்னா ஒரு மாதிரி. செல்வமணி சொன்னா ஒரு மாதிரி. நீ சொன்னா அது வேற மாதிரிம்மா. நான் ஒண்ணும் நெனைக்கல. எனக்கு ஒன்னையத் தெரியாதா? நெனைக்கிறவன் நெனப்பான்ல.”

“அப்ப செல்வமணி சார் சொல்லட்டும்.”

கதவருகே நின்றிருந்த செல்வமணி சிரித்தார். “எனக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைக மேடம். இந்தக் காலேஜ விட்டா எனக்கு எங்கன போக்கு? கரஸ்பாண்டென்ட் வேணும்னா என்னைய அந்த ராக்கெட்டுலயே கட்டி விடுவாக. பாராசூட் இல்லாம.”

அவர் நல்ல மனிதர். முத்துப்பேச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். சிரிக்காமல் சொல்லியிருந்தால் அவள் பொறுத்திருப்பாள்.

“இன்னொண்ணும் இருக்கு” என்றார் ஆதித்தன். குரலைத் தாழ்த்தினார். “டைமர எடுத்தது யாரு?”

அதை அவர் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் புரோகிராமில் ஒரு டைமர் இருந்தது. சென்சார் என்ன சொன்னாலும் சரி, கிளம்பிக் குறிப்பிட்ட நேரம் ஆகிவிட்டால் மருந்தைப் பற்றவைத்துவிடும். சென்சார் செத்தாலும் பாராசூட் விரியும். ஆனி மாதம் ராக்கப்பனின் அறையில் செயல்விளக்கம் காட்டப் போனார்கள். பியூன் பலகாரத் தட்டைத் தொப்பென்று மேசையில் வைத்தான். அந்த அதிர்ச்சியை ராக்கெட் கிளம்பியதாகப் புரோகிராம் எடுத்துக்கொண்டது. எல்லோரும் பக்கோடா தின்றுகொண்டிருக்கும்போது மருந்து வெடித்தது. ராக்கப்பனின் துண்டில் ஒரு ஓட்டை விழுந்தது. அவர் அலறிய அலறலில் தட்டு கவிழ்ந்தது. “மணி பாத்து வெடிக்கிற சோலியெல்லாம் இதுல வேணாம். எடுத்துருங்க” என்றார். ஆதித்தன் அவளைப் பார்த்தார். அவள் அன்று மாலையே அந்த வரிகளின் முன்னால் இரண்டிரண்டு சாய்கோடுகளைப் போட்டாள். வரிகள் அங்கேயே கிடந்தன. வேலை செய்யவில்லை.

மறுத்திருக்கலாம். அதிர்ச்சிக்கும் கிளம்புதலுக்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி புரோகிராமைத் திருத்தி, டைமரை இருக்க விட்டிருக்கலாம். ஒரு வாரத்து வேலை. சொன்னார்கள், எடுத்தாள். சந்தனத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தச் சாய்கோடுகளும் ஞாபகம் வந்தன. தன் விரல்களைப் பார்த்தாள். ஆதித்தனின் நகத்தைப் பார்த்த மாதிரியே பார்த்தாள்.

“நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க.”

“வாயால சொன்னேன். எடுத்தது யாரு?”

மின்விசிறி சுற்றியது. டீயில் ஆடை படிந்தது.

“மறுபடி விடப் போறாகம்மா. ரெண்டு வாரத்துல, வெள்ளிக்கெழம. அதே எடம். குலசாமி எல்லையில நடந்த அவமானத்த அங்கனயேதேன் தொடைக்கணுமாம். சொல்லிட்டாக. நீ கையெழுத்துப் போட்டா நீயே சரிபண்ணிக் குடுத்த மாதிரி இருக்கும். போடலைன்னா வெளியில இருந்து ஒரு பையனக் கூட்டியாந்து செய்வாக. அவனுக்குத் துளையும் தெரியாது, டைமரும் தெரியாது.”

அதில் உண்மை இருந்தது. அந்த மனிதரிடமிருந்து உண்மை வரும்போதும் அதில் எச்சில் பட்டிருந்தது.

“ஒரு நிபந்தனை சார். அடுத்த தடவ துளைகள்மேல சந்தனம் படக் கூடாது. இன்னொருத்தர் மேல அது விழக் கூடாது.”

“என் பொறுப்பு.”

“சொல்லுங்க.”

“அதேன் சொல்றேன்ல. என் பொறுப்பு.”

கையெழுத்துப் போட்டாள். எச்சில் காய்ந்த இடத்தில் பேனா வழுக்கியது.

*

முத்துப்பேச்சி ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். இடது கை, கழுத்திலிருந்து தூளிபோலக் கட்டிய துணியில் தொங்கியது. காறை எலும்பு முறிந்திருந்தது.

“வாங்க டீச்சர்” என்றாள். “காலேசா? மொகத்தப் பாத்தாலே தெரியுது, பட்டினியா வந்திருக்கீக.”

“நோன்பு.”

“அட, துலுக்க வீட்டுப் புள்ளையா. அப்ப இதக் குடுக்க முடியாது.” கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளினாள். உள்ளே திராட்சை. பாதி அழுகி, தேனீ மொய்த்து, புளித்த வாடை அடித்தது. “காலேசு மொதலாளி குடுத்துவிட்டுருக்காக. எங்க பந்தல்ல வெட்டுனதுதேன். காம்பப் பாருங்க. இப்பிடி ஒட்ட வெட்டுறது நான் ஒருத்திதேன். என் தோளு ஒடையிறதுக்கு முந்தி நான் வெட்டுன கொலைய எனக்கே குடுத்துவிட்டுருக்காக.”

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். முத்துப்பேச்சியும் சிரிக்கப் போய், வலித்து, நிறுத்தினாள்.

“என்னத்துக்கு டீச்சர் அத மேல விடுறீக?”

“பசங்க படிக்கிறதுக்கு.”

“பசங்களக் காணமே. எல்லாம் சால்வ போட்ட ஆளுகளால்ல நின்னாக.”

நிலோபருக்குச் சிரிப்பு வரவில்லை.

“போறது போகுது, திரும்பி வரும்போது எப்பிடி வரும் அது?”

“குடை விரிச்சு மெதுவா வரணும்.”

“அப்ப குடைய மறந்துட்டு வந்துருச்சாக்கும். எங்க வீட்டுக்காரு மாதிரி.” கட்டைச் சரிசெய்துகொண்டாள். “கம்ப்யூட்டர் தப்புன்னு சொன்னாக. நான் என்னத்தக் கண்டேன். கம்ப்யூட்டர் மேல கேசு போட முடியுமா? முடியாதாம். கேட்டுட்டேன்.”

நிலோபர் ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கெழம மறுபடி விடுறாகளாம்ல. எனக்கு மேடையில நாற்காலி போடுறாக. பொன்னாட போத்துறாகளாம். இந்தக் கட்டுக்கு மேல போத்துவாகளா, கீழ போத்துவாகளான்னுதேன் தெரியல. அன்னைக்குப் பந்தல்ல வேல கெடையாது. பறிக்கிற ஆளுக அம்புட்டுப் பேரும் முன்னால வந்து உக்காந்து கைதட்டணும்னு சொல்லிவிட்டாக.”

“நீங்க வரவேணாம்.”

“நல்லாச் சொன்னீக. பந்தலு காலேசு மொதலாளியோட அக்கா மகனோடது. வராம வீட்டுல இருந்தா, பெறகு வீட்டுலயேதேன் இருக்கணும்.”

வெளியே வந்தபோதும் புளித்த வாடை நிலோபரின் மூக்கிலேயே இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். போன தடவை ஆட்கள் பந்தல்களுக்குள் சிதறிக் கிடந்தார்கள். இந்தத் தடவை எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கப் போகிறார்கள். மேலே போவது திறக்காமல் திரும்பினால் இந்தத் தடவை ஒரு தோளோடு நிற்காது.

*

பத்து நாள் அவள் லேபில் வேலை செய்தாள். சாய்கோடுகளை எடுத்தாள். மேசை அதிர்ந்தால் ஏமாறாதபடி டைமரைத் திருத்தினாள். ஆனால் டைமரை மட்டும் நம்ப முடியாது. செல்வமணியின் மோட்டார்கள் ஒன்று போல ஒன்று எரிவதில்லை. டைமர் முந்திவிட்டால், வேகம் குறையாமல் இருக்கும்போதே பாராசூட் வெளியே வந்து கிழிந்து தொங்கும். பிந்திவிட்டால் திறக்கத் தரை இடம் தராது. டைமர் கடைசிக் கைப்பிடி மட்டும்தான். உச்சியைச் சரியாகச் சொல்லக்கூடியது சென்சார். சென்சாருக்குத் துளைகள் வேண்டும்.

புதிதாக ஒரு சோதனையையும் எழுதினாள். திறந்த வெளியில் காற்று ஒரு நொடிகூட அசையாமல் இருக்காது. துளைகள் திறந்திருந்தால் சென்சார் காட்டும் எண் எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும். எண் ஆடாமல் செத்ததுபோல நின்றால் துளைகள் அடைபட்டிருக்கின்றன. அப்போது போர்டிலிருக்கும் பஸ்ஸர் என்ற சின்ன ஊதி ஒரே நீளமாகக் கத்தும். காற்று வந்தால் விட்டுவிட்டுக் கத்தும். விட்டுவிட்டுக் கத்தினால் தயார் என்று பொருள்.

பூசை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லும் வாய் அவளிடம் இல்லை என்பதை ஆதித்தன் புரியவைத்துவிட்டார். துளைகள்மேல் பிளாஸ்திரியை வட்டமாக வெட்டி ஒட்டிவிடலாம், பூசை முடிந்ததும் உரித்துவிடலாம் என்றாள். சந்தனம் தெறித்தாலும் உள்ளே போகாது.

“அருமையான யோசன” என்றார் ஆதித்தன். “நீயே ஒட்டு. நீயே உரிச்சிரு. பலவேசத்துக்கிட்ட நான் சொல்லிர்றேன், அந்த எடத்துல கை வைக்காதய்யான்னு.”

“மறந்துராதீங்க சார்.”

“என் பொறுப்பும்மா.”

*

வெள்ளிக்கிழமை காற்று பலமாக இருந்தது. சாமியானா உப்பி உப்பி அடங்கியது. மேடையில் முத்துப்பேச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பொன்னாடையைக் கட்டுக்கு மேலேயே போர்த்தியிருந்தார்கள். அது நழுவி நழுவி விழ, ஒற்றைக் கையால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். படம் எடுக்கும்போது மட்டும் ராக்கப்பன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கீழே பந்தல் ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ராக்கெட் புதியது. அதன் உடம்பில் ராக்கப்பனின் அப்பா மீசையோடு இருந்தார். மீசைக்குச் சற்று மேலே, வெள்ளை வட்டமாக, பிளாஸ்திரி. சுற்றிலும் நான்கு.

ஆதித்தன் சர்க்கரைப் பொங்கல் தின்றுகொண்டிருந்தார். இலையை வழித்து விரலை நக்கிவிட்டு, அதே விரலால் எல்லாம் சரி என்று நிலோபருக்குச் சைகை காட்டினார். அவள் சுடுகருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இந்தத் தடவை ராக்கெட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பலவேசம் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ராக்கெட்டைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளை வட்டத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“பரவால்லயே, பொட்டு வைக்க எடம்லாம் குறிச்சு வச்சிருக்காகளே” என்றார். ஒரு வட்டத்தின் மேல் சந்தனம் வைத்தார். அதன் நடுவில் குங்குமம். விளிம்பு தாண்டாமல், அழகாக. அடுத்த வட்டம். அதற்கடுத்தது. நான்காவது.

நிலோபர் ஆதித்தனைப் பார்த்தாள்.

அவர் இலையை மடித்துக்கொண்டு வேகமாக வந்தார். “மறந்தே போச்சும்மா. கூட்டம் பாத்தியா எம்புட்டுன்னு? விடு. ஒண்ணும் ஆகாது. டைமர் இருக்குல்ல.”

“டைமர் மட்டும் போதாது சார். சொல்லியிருக்கேன். உரிச்சிர்றேன்.”

“எதம்மா உரிப்ப? பிளாஸ்திரியாம்மா அது இப்ப? பொட்டும்மா. இம்புட்டுப் பேரு முன்னால நீ போயி பொட்டப் பிய்க்கிறதா?”

“அப்ப நீங்க உரிங்க.”

அவர் பொங்கல் ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

“செல்வமணி சார், நீங்க?”

செல்வமணி தலையைக் குனிந்து பெட்டியின் கம்பிகளைச் சரிபார்த்தார். ஏற்கெனவே சரிபார்த்த கம்பிகள்.

மின்கலத்தை இணைத்ததும் போர்டு விழித்துக்கொண்டது. ராக்கெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஒரே நீளமாக, விடாமல்.

“கேக்குதா சார்?”

“அது கத்தட்டும். கத்துனா என்ன, பட்டன அமுக்குனா போயிரும்ல? இல்ல, அந்தச் சோதனைய மட்டும் எடுத்துரு. ரெண்டு கோடு போட்டாப் போதும்ல. லேப்டாப்பத் தொற.”

மேடையில் ராக்கப்பன் மைக்கைத் தட்டினார். “ராகுகாலம் வரப் போகுது. எல்லாரும் என்கூட எண்ணணும். பத்து…” கூட்டம் கத்தியது. “ஒம்பது…” செல்வமணியின் கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது.

நிலோபர் லேப்டாப்பைத் தரையில் வைத்தாள். ராக்கெட்டை நோக்கி நடந்தாள். ஆள் பக்கத்தில் இருந்தால் அவர் அமுக்க மாட்டார். அந்த அளவுக்கு அவர் நல்லவர்.

“மேடம்! ஏலே, மேடம் போறாங்கப்பா, எண்ணாதீக!” என்று செல்வமணி கத்தினார். எண்ணிக்கை ஆறில் சிதறி நின்றது.

கிட்டே போனதும் சத்தம் காதைக் குத்தியது. சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. நகத்தை விளிம்பில் கொடுத்து இழுத்தாள். பிளாஸ்திரி பொட்டோடு வந்தது. துளை கறுப்பாக, சுத்தமாகத் தெரிந்தது. ஊதியின் நீளச் சத்தம் உடைந்தது. விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது. காற்று உள்ளே போய்விட்டது.

ஆனால் ஒரு துளை போதாது. ஒரு பக்கக் காற்று சென்சாரை ஏமாற்றும். நான்கும் வேண்டும். அவள் ராக்கெட்டைச் சுற்றி வந்தாள். இரண்டாவதையும் உரித்தாள். உரித்ததைக் கீழே போட முடியாது. கால் படும். பையில் வைக்கலாம் என்றால் புடவையில் பை இல்லை. இடது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டாள். மூன்றாவது. குங்குமம் வியர்வையில் கரைந்து அவளுடைய விரல்களில் வழிந்தது. சந்தன வாசம் வந்தது. அது நல்ல வாசம்தான். பந்தலில் அன்று வந்தது போலவே வயிற்றிலிருந்து ஏதோ மேலே வந்தது. விழுங்கினால் நோன்பு முறியுமா என்று ஒரு கணம் நினைத்தாள். விழுங்கினாள்.

கூட்டத்தில் யாரோ ‘சே’ என்றார்கள். ஒரு பெண், “என்னடி இது, பொட்ட அழிக்குது?” என்றாள். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பலவேசம் கிண்ணத்தோடு வாயைத் திறந்தபடி நின்றார். ஆதித்தன் மேடையின் படிக்கட்டுக்குப் போய்விட்டிருந்தார். அங்கே நின்று ராக்கப்பனின் காதருகே எதையோ சொன்னார். சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

அவள் நான்காவது வட்டத்தில் நகத்தை வைத்தாள். மேடையைப் பார்த்தபடி இருந்த வட்டம் அது. முத்துப்பேச்சி தெரிந்தாள். பொன்னாடை நழுவிக் காலடியில் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. நிலோபரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராக்கப்பன் மைக்கை வாயருகே கொண்டுவந்தார். கோபமாகப் பேசவில்லை. பிள்ளையிடம் கேட்பதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி, மெதுவாகக் கேட்டார்.

“ஏந் தாயி, எங்க சாமிக்கு வச்ச பொட்டு ஒன்னைய என்ன செஞ்சுச்சு?”